சாவகத்து விருந்து

சாவக நாடு தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்திலே, அமுதசுரபியைக் கையிலேந்திய ஆபுத்திரன், மழையின்றிப் பசியால் வாடிய சாவகத்தார்க்கு உணவளிக்கக் கருதிக் கப்பலேறினான். மறுபிறப்பில் அந்நாட்டிற்கே அரசனாயினான். அச் சாவகம் இன்றைய ஜாவாத் தீவே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். சில ஆண்டுகளின் முன், பிரம்பானனிலுள்ள 9ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலைக் காணும் பொருட்டு யான் அத் தீவுக்குச் சென்றிருந்தேன். கோயிலின் சிறப்பைப் பலர் எழுதியுள்ளனர். யான் எழுதப் புகுவது அங்கு உண்ட உணவைப் பற்றியே.

பிறநாடு செல்வோர்க்கு மொழியினும் பெருந்தடை நாவேயாகும். மொழி அறியாவிடிற் கைச்சாடை உதவும்; நா வெறுத்ததை ஏற்கச் செய்யும் சாடை எதுவுமில்லை. புலால் மறுத்தவர் பாடோ சொல்லவேண்டியதில்லை.

யோக்யகர்த்தா நகரின் பேர்போன உணவு குடெக். பிஞ்சுப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் இட்டுப் பல மணிநேரம் வேகவைத்த கறி அது. முட்டையும் கோழியிறைச்சியும் உடன் பரிமாறுதல் வழக்கமாதலின், அவற்றை நீக்கித் தருமாறு முன்னரே கேட்டுக்கொண்டேன். பலாக்காயும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் நம் வீட்டுப் பொருள்களே. ஆயினும், சோற்றோடு உண்ணும் கறி தித்தித்தபோது, அறிந்த சொற்களாலே அறியாத மொழியொன்றைப் பேசக் கேட்டாற்போல் இருந்தது.

மறுநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் இல்லத்திற்கு விருந்தழைத்தார். சமைக்குமுன் வாழையிலைப் பொதியொன்றை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே, வெண்பஞ்சு போர்த்தாற்போலப் பூஞ்சணம் படர்ந்த கட்டியொன்று இருந்தது. என்னுடன் வந்த இளைஞர் முகஞ் சுளித்தார். அதனைக் கண்ட வீட்டம்மையார், "இது ஏழைகளின் உணவு, ஐயா. விருந்தினர்க்கு வைக்கத் தயங்கினோம். நீங்கள் இறைச்சி உண்பதில்லை என்றதனாலே இதனை வாங்கினோம்" என்று தாழ்ந்த குரலிற் சொன்னார்.

அதுதான் தெம்பே. சோயா அவரையை ஊறவைத்துத் தோல் நீக்கி, அவித்து ஆறவிட்டு, பூஞ்சண வித்துக் கலந்து இலையிற் பொதிந்து, ஏறக்குறைய இரண்டு நாள் வைப்பர். பூஞ்சணம் இழையோடிப் பருப்புகளை ஒன்றாகப் பிணைக்கும். சோயாவுக்கு அவர்கள் வழங்கும் கெடெலை என்னும் பெயர், கடலை என்னும் நம் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். கொத்தமல்லியும் புளியும் வெல்லமும் சேர்த்து வேகவைத்துப் பின் பொரித்த தெம்பேயை உண்டேன். காளானை ஒத்த மணமும் நிலக்கடலையை ஒத்த சுவையும் அதில் இருந்தன. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். அம்மையாரின் முகம் மலர்ந்தது.

தெம்பே தன் நாட்டிலேயே இழிவு சுமந்த உணவு. முதற் குடியரசுத் தலைவர் சுகர்ணோ, உறுதியற்ற மக்கள் என்னும் பொருளில் 'தெம்பே இனம்' என்னும் தொடரை ஆண்டு இடித்துரைத்தார். ஆனால், 1942 முதல் 1945 வரை ஜாவாவிலிருந்த ஜப்பானியச் சிறைமுகாம்களில், வயிற்றளைச்சலால் நலிந்து அவித்த சோயாவைச் செரிக்க மாட்டாத கைதிகளின் உடல், தெம்பேயை ஏற்றுக்கொண்டது. ஏழையின் உணவு அங்கே உயிர்காத்தது.

அவ் விருந்தில் யான் ஒதுக்கிய பண்டமும் ஒன்றுண்டு. சிவந்த மிளகாய்ச் சம்பலைக் கண்டு நா ஊறிற்று. கேட்டபோது, கூனி இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் தெராசி அதிற் கலந்துளதென்றனர். "எம் நோன்புக்கு ஒவ்வாது" என்று கைகூப்பினேன். அவர்கள் மனம் நோகவில்லை. உடனே மிளகாயும் உப்பும் மட்டும் இடித்துக் கொணர்ந்தனர். நோன்பைக் காத்தல் வேறு, அருவருத்தல் வேறு என்பதை அவர்கள் நன்கறிவர்.

அன்பர்களே, கள் விட்டு அப்பமாவைப் புளிக்கவைப்பவர் நாம். ஒடியற் பிட்டின் கைப்பைச் சுவையெனக் கொள்பவரும் நாமே. அவற்றைக் கண்டு அயலாரொருவர் மூக்கைப் பொத்துவாராயின் நம் தாய்மார் உள்ளம் என்ன பாடுபடும்? ஒவ்வாததை மறுக்க எவர்க்கும் உரிமையுண்டு. ஆயினும், அஃது எவ்வாறு ஆக்கப்பட்டது, யார் பசியை ஆற்றி வந்தது என்று கேட்டறியுமுன் முகஞ் சுளித்தல், இட்ட கையை இகழ்தலாகவே முடியும்.