உச்சி வெயிலில் இலங்கையில் மின்சாரம் போனது ஏன்?

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டியதும் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டுவிட்டது என்றார் எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி. சமூக ஊடகங்களில் கேலி பறந்தது. ஆனால் குரங்கும் அணிலும் பாம்பும் துணை மின்நிலையங்களுக்குப் புதிதல்ல. பழுது ஓரிடத்தில்தான், தீவு முழுக்க ஏன் மின்சாரம் போக வேண்டும்?

விடை அன்றைய கிழமையில் இருக்கிறது. ஞாயிறன்று அலுவலகங்கள் மூடியிருக்கும், ஆலைகள் பலவும் ஓடாது. மின்தேவை குறைவு. வெயிலுக்கோ குறைவில்லை. 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்துக்குப் பிறகு கூரைகளில் பெருகிய சூரியத் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. அதற்கு இடம்விட்டு, சுழலும் பெரிய இயந்திரங்கள் சிலவே ஓடின.

சூட்சுமம் இந்தச் சுழற்சியில்தான். நுரைச்சோலை நிலக்கரி அனல்மின் நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. மின் கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அந்த வேகத்தோடு பிணைந்தது. உற்பத்தியில் எங்காவது திடீரென்று துண்டு விழுந்தாலும், சுவிட்சை அணைத்த பிறகும் சற்று நேரம் ஓடும் மின்விசிறியைப் போல, அந்தக் கனத்த இயந்திரம் உடனே வேகம் இழக்காது. கிடைக்கும் சில விநாடிகளில் நீர்மின் நிலையங்கள் கூடுதல் நீரைத் திறந்து ஈடுகட்டிவிடும். சூரியத் தகட்டில் சுழல எதுவுமில்லை. சுழலும் எடை குறைந்தால் அதிர்வெண் சட்டென்று சரியும். நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். இலங்கை மின்சார சபை தந்த விளக்கமும் ஏறக்குறைய இதுதான்.

கூரையில் தகடு வைத்திருந்தவர்கள் வீட்டிலும் அன்று ஃபிரிட்ஜ் ஓடவில்லை. வெளிக்கம்பியில் மின்சாரம் போனதும் சாதாரண இன்வெர்ட்டர் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்த வீடுகளே தப்பின.

நிலக்கரி நிலையத்தை மறுபடி எழுப்பவே மின்சாரம் வேண்டும். பம்புகளும் காற்றூதிகளும் நிலக்கரி அரைக்கும் ஆலையும் ஓடியாக வேண்டுமே! சில மணி நேரத்தில் விளக்குகள் எரிந்தாலும் 900 மெகாவாட் நுரைச்சோலை உடனே திரும்பவில்லை. அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

இதே குரங்கு தமிழ்நாட்டில் ஏறியிருந்தால் ஒரு வட்டாரத்தோடு போயிருக்கும். 2013 டிசம்பர் 31 முதல் தென்மாநிலக் கட்டமைப்பு நாடளாவிய கட்டமைப்போடு சேர்ந்து ஓடுகிறது. இலங்கைக்குத் தாங்கிப் பிடிக்க அக்கம்பக்கம் யாருமில்லை. இந்தியாவோடு இணைக்கும் கேபிள் பல ஆண்டுகளாகப் பேச்சளவில்தான் இருக்கிறது.

2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையையொட்டி, பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. அன்றைக்கு வேறு வழியில்லை என்பது சரி. ஆனால் 2022ஐ மறந்துவிடலாமா? எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு வரை போன நாடு அது. இறக்குமதி செய்ய வேண்டாத எரிபொருள் கூரைமேல் விழும்போது அதை அணைத்து வைப்பதே கொள்கையாகிவிடக் கூடாது.

தேவை உச்சத்தில் நிற்பது மாலை 6.30 முதல் 10.30 வரை. அப்போது சூரியன் இல்லை. எண்ணெயில் ஓடும் மின்நிலையங்களுக்கு வேலை வருகிறது. பகல் மிச்சத்தை மாலைக்கு நகர்த்த மலைநாட்டு நீர்த்தேக்கங்களுக்கிடையே தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கலாம். மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்குத் திட்டமும் இருக்கிறது. கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பேட்டரி அதைவிட வேகமாக வரும். ஆனால் இரவில் தரும் யூனிட்டுக்குப் பகல் யூனிட்டைவிட நல்ல விலை கிடைத்தால்தான் வீட்டுக்காரர் அதில் பணம் போடுவார்.