கூடங்குளத்துக் கணினியும் நச்சுநிரலின் மிச்சமும்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பிலிருந்த கணினி ஒன்றில் நச்சுநிரல், அதாவது தீங்கிழைக்கவே எழுதப்பட்ட மென்பொருள், புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. நிலையத்தை இயக்கும் அமைப்புகள் தனித்திருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. வல்லுநர்கள் டிட்ராக் என அடையாளம் கண்ட அந்நிரல், விசையழுத்தங்களையும் உலாவி வரலாற்றையும் திரட்டும் ஒற்றுவகை என்பதால், கோப்பை நீக்குவதோடு சிக்கல் தீராது: களவுபோன கடவுச்சொல் களவாடியவரிடமே இருக்கும். ஆகவே, வீட்டுக் கணினியானாலும், தூய வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுவதே முதல் வேலை. துப்புரவுக்குப் பின்னும் இணையம் திறக்காவிடில், இணையப் போக்குவரத்தைத் திசைதிருப்பும் ப்ராக்ஸி அமைப்பை நிரல் மாற்றிவிட்டுப் போயிருக்கக்கூடும். தொல்லை மீண்டும் தலைகாட்டினால், சொந்தக் கோப்புகளை மட்டும் படியெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நம்பத்தக்க வழி.