426 ஹெமி: பழைய இன்ஜின் பிளாக்கைத் திரும்ப வார்க்க முடியுமா?

2014 ஜூன் மாசம் சியாட்டில்ல நடந்த மீகம் ஏலத்துல ஒரு 1971 பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் 35 லட்சம் டாலருக்குப் போச்சு. விலையைக் கேட்டு வாயைப் பிளக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னைக்குப் பேசப்போறது இந்த மாதிரி கார்களுக்குள்ள இருக்கிற ஒரே ஒரு பாகத்தைப் பத்தி: இன்ஜின் பிளாக். எட்டு சிலிண்டர், கிராங்க் ஷாஃப்ட் உட்கார்ற இடம், சுத்தித் தண்ணீர் ஓடுற பாதை, ஆயில் போற துளைகள், எல்லாம் சேர்ந்த ஒற்றை இரும்பு வார்ப்பு. பிஸ்டன் போனா மாத்தலாம், கார்ப்பரேட்டர் போனா மாத்தலாம். கனெக்டிங் ராட் உடைஞ்சு, பிளாக்கோட சுவரைப் பொத்துக்கிட்டு வெளியே வந்துட்டா? புதுசா ஒண்ணு வார்த்துத் தர யாராவது இருக்காங்களா, இருந்தா எவ்வளவு கேப்பாங்க? இதுதான் கேள்வி.

கிரைஸ்லரோட 426 ஹெமியையே உதாரணமா எடுத்துக்கலாம். 426 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 7 லிட்டர். 1964 டேடோனா 500 ரேஸுக்காகச் செஞ்சது. முதல் வருஷமே ரிச்சர்ட் பெட்டி ஜெயிச்சார், முதல் மூணு இடமும் பிளிமத்துக்கே. 1966-ல இருந்து 1971 வரைக்கும் சாலைக் கார்கள்லயும் வந்துச்சு. மொத்தம் பத்தாயிரத்துச் சொச்சம் கார்தான். இதுல எனக்குப் பிடிச்ச கதை, ரேஸுக்குச் சில வாரம் முன்னாடி நடந்தது. டெஸ்ட்ல சிலிண்டர் சுவர் விரிசல் விட ஆரம்பிச்சது. அவசர அவசரமா சுவரைத் தடிமனாக்கிப் புது பிளாக் வார்த்து, அதை வெச்சுத்தான் டேடோனா போனாங்க. அதாவது, கிரைஸ்லருக்கே முதல் தடவை சரியா வரலை.

சரி, ஒரு பழைய பிளாக்கை ஸ்கேன் பண்ணி அப்படியே காப்பி அடிச்சா என்ன? நம்ம ஆளுங்க எல்லாரும் முதல்ல கேக்கிறது இதைத்தான். வெளிப்பக்கத்தை லேசர் ஸ்கேனர்ல ஒரு நாள்ல எடுத்துடலாம். பிரச்சினை உள்ளே இருக்கு. சிலிண்டரைச் சுத்தி ஓடுற தண்ணீர்ப் பாதைக்கு வாட்டர் ஜாக்கெட்னு பேரு. அந்த வெற்றிடத்தை எந்தக் கருவியும் குடையல. மணலும் பசையும் சேர்த்துக் கெட்டியாக்கின ஒரு உருவத்தை அச்சுக்குள்ள தொங்கவிட்டு, சுத்தி இரும்பை ஊத்தி, ஆறினதும் மணலைத் தட்டி வெளியே எடுப்பாங்க. இதுக்கு ஃபவுண்ட்ரில கோர்னு பேரு. ஊத்தும்போது இரும்பு கிட்டத்தட்ட 1,400 டிகிரி செல்சியஸ். அந்த வேகத்துல கோர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாக்கூட, ஒரு பக்கச் சுவர் தடிக்கும், எதிர்ப்பக்கம் மெலிஞ்சிடும். அறுபதுகள்ல வார்த்த பிளாக்கை அல்ட்ராசானிக் கருவி வெச்சு அளந்தா, ஒரே சிலிண்டர்ல நாலு பக்கமும் நாலு தடிமன் காட்டும்.

அப்போ நீங்க ஸ்கேன் பண்றது டிசைனை இல்ல, அந்த ஒரு பிளாக்கோட தலையெழுத்தை. அதுல கோர் இடப்பக்கம் சாஞ்சிருந்தா அந்தச் சாய்வும் சேர்ந்து காப்பி ஆகும். ஐம்பது வருஷத் தேய்மானமும்தான். அது போக, கையில இருக்கிறது கடைசல் முடிஞ்ச பொருள். வார்ப்புல அதைவிடப் பெருசா வரணும், அப்புறம்தான் செதுக்க முடியும். இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூத்துக்கு ஒரு பங்கு சுருங்கும், அதையும் கணக்குல சேர்க்கணும். எந்தப் பரப்பை ஆதாரமா வெச்சு எதை அளந்தாங்கங்கிறது ஸ்கேன்ல வராது. சோர்ஸ் கோடு தொலைஞ்சு போய், ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமை மட்டும் பார்த்துத் திரும்ப எழுதுற வேலை மாதிரிதான். கடைசியில ஒரு நல்ல பிளாக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தாத்தான் உள்விவரம் முழுசாத் தெரியும். ஹெமி பிளாக்கை அறுக்க யாருக்கு மனசு வரும்?

இதெல்லாம் முடியாத காரியம் இல்ல. கிரைஸ்லரோட மோப்பார் பிரிவே 90-கள்ல 426 ஹெமி பிளாக்கைத் திரும்ப வார்த்து வித்தது. தடுக்கிறது தொழில்நுட்பம் இல்ல, கணக்கு.

ஒரு கணக்குப் போடுவோம். பேட்டர்ன், கோர் பெட்டிகள், கடைசல் வேலைக்கான பிடிமானங்கள், இன்ஜினியரிங், எல்லாம் சேர்த்து 4 லட்சம் டாலர்னு வெச்சுக்குவோம். இது என் அனுமானம், எந்த நிறுவனத்தோட விலைப்பட்டியலும் இல்ல. 2,000 பிளாக் வித்தா ஒண்ணுக்கு 200 டாலர் பாரம். 100 தான் வித்தா, இரும்பை ஊத்துறதுக்கு முன்னாடியே ஒண்ணு மேல 4,000 டாலர் ஏறிடும். ஆரம்பத்துல வார்க்கிறதுல கணிசமா குப்பைக்குப் போகும், அந்தச் செலவையும் தேறின பிளாக்தான் சுமக்கணும். இந்த இடத்துல இரும்போட விலை ஒரு பொருட்டே இல்ல. ஆப் மாதிரி யோசிச்சா புரியும்: எழுதுறதுதான் செலவு, எத்தனை பேர் தலையில அதைப் பிரிக்கிறோம்கிறதுதான் விலை.

அதனாலதான் ஷெவர்லே ஸ்மால் பிளாக் வெச்சிருக்கிறவங்களுக்குக் கவலையே இல்ல. 1955-ல தொடங்கின குடும்பம், 2011-ல ஜெனரல் மோட்டார்ஸ் 10 கோடியாவது ஸ்மால் பிளாக்கை எட்டிடுச்சு. டார்ட் மாதிரி நிறுவனங்கள் பழசைவிட உறுதியான பிளாக்கைச் சில ஆயிரம் டாலருக்கு அலமாரியில இருந்து எடுத்துத் தர்றாங்க. ஃபோர்டே பாஸ் 302 பிளாக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. இதையெல்லாம் வாங்குறவங்க மியூசியம் வெக்கிறவங்க இல்ல, வாரக்கடைசியில டிராக் ரேஸ் ஓட்டுறவங்க. ரேஸ்காரர்கள் வாங்குறதாலதான் ரெஸ்டரேஷன்காரர்களுக்கும் கிடைக்குது.

ஹெமிக்கும் அதே கதைதான். கீத் பிளாக் 70-கள்லயே ரேஸுக்காக அலுமினியத்துல ஹெமி பிளாக் செஞ்சார். இன்னைக்கு டாப் ஃபியூயல் டிராக் ரேஸ் இன்ஜின்கள் எல்லாம் அந்த 426 வம்சம்தான். அதோட பிளாக்கை ஒரே அலுமினியக் கட்டியில இருந்து சி.என்.சி. மெஷின்ல செதுக்குறாங்க. அச்சு வேண்டாம், கோர் வேண்டாம். அப்போ நம்ம பழைய காருக்கும் அப்படிச் செதுக்கினா என்ன? டாப் ஃபியூயல் பிளாக்ல வாட்டர் ஜாக்கெட்டே கிடையாது. சில விநாடிதான் ஓடும், சூடாகிறதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிடும். சிக்னல்ல நிக்கிற காருக்குத் தண்ணீர் வேணும். மூடின வளைவான குகையை வெளியில இருந்து செதுக்க முடியாது. சுத்திச் சுத்தி மறுபடியும் மணலுக்கே வந்து நிக்கிறோம்.

நல்ல சேதி அந்த மணல்லயே இருக்கு. இப்போ மணல் அச்சையும் கோரையும் நேரடியா த்ரீ-டி பிரிண்ட் பண்றாங்க. மெல்லிசா ஒரு அடுக்கு மணல், மேல தேவையான இடத்துல மட்டும் பசை, மறுபடி ஒரு அடுக்கு. மரப் பேட்டர்னும் வேண்டாம், கோர் பெட்டியும் வேண்டாம். சுவர் மெலிசா வந்துச்சுன்னா ஃபைலைத் திருத்தி அடுத்ததைப் பிரிண்ட் பண்ணலாம். ஒவ்வொரு அச்சும் விலை கூடத்தான், ஆனா முன்பணமா லட்சக்கணக்குல கொட்ட வேண்டியதில்ல. பத்து, இருபது பிளாக் வேணும்னா என் ஓட்டு இதுக்குத்தான். ஆயிரக்கணக்குல வேணும்னா பழைய முறையே லாபம்.

சில சமயம் பிளாக்கைத் தொடவே வேண்டாம். ஃபோர்டு பாஸ் 429 போட்ட மஸ்டாங் 1969, 70 இரண்டு வருஷமும் சேர்த்து சுமார் 1,350 தான். ஆனா அது ஃபோர்டோட சாதாரண 429, 460 பிளாக் குடும்பத்துலதான் பொறந்தது. அந்த பிளாக் லாரி வரைக்கும் போட்டிருக்காங்க, ஏராளமா கிடைக்குது. அதனால ஜான் காசே அந்தச் சாதாரண பிளாக் மேல உட்கார்ற மாதிரி பாஸ் 429 பாணி அலுமினிய ஹெட்டைச் செஞ்சு வித்தார். ஹெமில இந்தக் குறுக்குவழி சுலபமில்ல. ஹெட்டைப் பிடிக்கிற ஒரு வரிசை ஸ்டட்களுக்குப் பிளாக்கோட உள்பள்ளத்துல இருந்து நட்டு போடணும். கிரைஸ்லரோட 440 பிளாக்ல அந்த ஏற்பாடு இல்ல.

கடைசியா, புது பிளாக் போட்டா கார் மதிப்பு என்ன ஆகும்? இங்கதான் நெஞ்சு வலி. 1968 வாக்குல இருந்து இந்த கார்கள்ல வின் நம்பரோட ஒரு பகுதியைப் பிளாக்லயும் குத்தினாங்க. காரும் பிளாக்கும் பொருந்தினா ஒரு விலை, பொருந்தலைன்னா வேற விலை. ஸ்ட்ரீட் ஹெமி பிளாக்ல 2468330னு வார்ப்பு எண்ணும், வார்த்த தேதியும் மேலெழுந்து நிக்கும். காரோட தேதிக்கு முந்தின தேதி இருக்கான்னு கூடப் பார்ப்பாங்க. வார்க்கத் தெரிஞ்சவனுக்கு அந்த எண்ணையும் தேதியையும் வார்க்கவும் தெரியும். அப்படிச் செஞ்சு அசல்னு வித்தா அது மோசடி. அதனால நேர்மையான தயாரிப்பாளர் தன்னோட அடையாளத்தையே போடுவார்.

விவரம் தெரிஞ்ச ஓனர்கள், ஓட்டுறதுக்குப் புது பிளாக்கை மாட்டிட்டு, ஓட்டை விழுந்த பழைய பிளாக்கைத் துடைச்சு ஷெட்ல வெச்சிடுறாங்க. காரை விக்கும்போது அந்த உடைஞ்ச இரும்பும் ஒரு மரப்பலகை மேல ஏறிக் கூடவே போகும்.