கைப்பேசி கேட்காத கேள்வி

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி வேலை செய்யும் ஒருவர், தலைவலியும் கண்ணெரிச்சலும் விடாதபோது பெரும்பாலும் முதலில் நாடுவது மருத்துவரை அல்ல, வீட்டிலுள்ள கைப்பேசியை. ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை, பார்வைக் குறைபாடு என விடைகள் வந்து விழும். 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று அது கேட்பதில்லை.

இதை அறியாமை என்று ஏளனம் செய்வோர் உண்டு. மருத்துவமனையில் அரைநாள் வரிசையில் நின்று, முகச்சுளிப்புடன் இரண்டே நிமிடத்தில் வெளியே அனுப்பப்படும் மனிதருக்குச் சாதி பாராமல் பதில் சொல்வது கைப்பேசி ஒன்றுதான். அந்தப் பதிலில் உள்ள குறையே நம் கவலை.

தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல் நாறும் என்பது இணையத்தில் எளிதில் கிடைக்கும் செய்தி. அது பாதி உண்மை. காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கை எட்டும்போது இவ்வாயு மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்ற முடிவு உயிரைப் பறிக்கும். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான். உரிய பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அந்தத் தேடல் பக்கங்கள் சொல்வதில்லை.

சட்டத்தின் பார்வையில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாக்கடை மரணத்திற்கு 30 லட்சம் ரூபாயும், நிரந்தர இயலாமைக்கு 20 லட்சத்துக்குக் குறையாமலும் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மரணம் மறைக்க முடியாதது. மெல்ல மெல்ல நேரும் பாதிப்பையோ ஆவணங்களால் நிறுவியாக வேண்டும். கட்சிக்காரர்கள் என்னிடம் கொண்டுவரும் புறநோயாளிச் சீட்டுகளில் பெரும்பாலும் 'தலைவலி' என்ற ஒரு சொல்லும் மாத்திரையின் பெயருமே இருக்கும். தொழில் என்னவென்று கைப்பேசி கேட்கவில்லை; மருத்துவரும் கேட்கவில்லை.

பெற்றோருக்காகத் தேடிக் கொடுக்கும் மாணவர்களே, தேடுவதை நிறுத்த வேண்டியதில்லை. நோயறிகுறியோடு வேலையையும் வாயுவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கிடைத்ததை முடிவாகக் கொள்ளாமல், மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வியாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். தொழிலையும் தொட்டியில் இறங்கிய நாளையும் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நோயாளி கோரினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சிலின் தொழில்நெறி விதி. வாய்மொழியாகக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். எழுத்தில் கேட்டு, நகலில் தேதியுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.