கப்பல் மங்கினால் கவனம்

அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1850களில் விற்ற 'நேவி' ரிவால்வரில், குண்டு போடும் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பொறித்திருக்கும். 1843-இல் டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோவோடு மோதிய போர் அது. இந்தத் துப்பாக்கியை இணைய ஏலத்தில் படத்தை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் முதலில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதும் அந்தக் காட்சியைத்தான். ஆழமில்லாத வேலைப்பாடு, தேய்த்து மெருகேற்றினால் கப்பல்கள் கரைந்துவிடும். அவை மங்கிக் கிடக்க, உலோகத்தின் நீலப் பூச்சு மட்டும் புதுசாகப் பளபளத்தால் யாரோ பின்னாளில் மெருகேற்றியிருக்கிறார்கள். திருகாணித் துளையின் விளிம்பு குழிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். குழல், உடல், விசையைச் சுற்றிய வளையம் மூன்றின் அடியிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். பத்துப் படம் போட்டவர் அடிப்பக்கத்தை மட்டும் விட்டிருக்கிறாரா? கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் ஏலம் கேட்காதீர்கள்.