இரு மடிக்கணினிகளுக்கு இடையே ஒரு கேபிள்

மலை ஊரான ஏற்காட்டின் கோடை விழா மலர்க் கண்காட்சியிலோ, தேசிய ஆர்க்கிட் பூங்காவிலோ எடுத்த ஒளிப்படங்களை ஒரு மடிக்கணினியிலிருந்து பக்கத்திலிருக்கும் மற்றொரு மடிக்கணினிக்கு மாற்ற வேண்டியவர்கள் இன்று பெரும்பாலும் நாடுவது மின்னஞ்சலையோ இணையச் சேமிப்பகத்தையோதான். அவ்வாறு அனுப்பப்படும் கோப்பு, இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே உள்ள சமவெளிக்கு இறங்கி, எங்கோ ஒரு பெருநகரத்தின் தரவு மையத்தை அடைந்து, அங்குள்ள வட்டில் எழுதப்பட்டு, பிறகு மீண்டும் மலையேறி வந்து, புறப்பட்ட இடத்திலிருந்து நான்கடி தள்ளியிருக்கும் கணினியில் சேர்கிறது. ஒரே அறையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இந்தப் பயணம் தேவையற்றது. அவற்றை இணைக்க ஓர் ஊடகமும், ஒன்றையொன்று அடையாளம் காண முகவரிகளும், எந்த ஒழுங்கில் பேசுவது என்பதற்கான நெறிமுறையும் இருந்தால் போதும். இணையம் இருக்க வேண்டியதில்லை.

இதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். கோப்பின் அளவு பைட்டுகளிலும் இணைப்பின் வேகம் பிட்டுகளிலும் சொல்லப்படுகின்றன. எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 10 மெகாபிட் என்று விளம்பரம் செய்யப்படும் இணைப்பில் உண்மையில் நகர்வது நொடிக்கு 1.25 மெகாபைட் மட்டுமே. ஒவ்வொன்றும் 25 மெகாபைட் கொண்ட 400 படங்கள், அதாவது 10 ஜிகாபைட், அந்த வேகத்தில் மேலேற்றப்படுவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அதன்பின் மறுபக்கத்தில் இறக்கும் நேரம் தனி. அதே படங்கள் நொடிக்கு ஒரு ஜிகாபிட் செல்லும் ஈதர்நெட் கேபிளில், வட்டின் வேகம் இடங்கொடுத்தால், இரண்டு நிமிடங்களுக்குள் மாறிவிடுகின்றன.

மலைப்பகுதியில் இந்த வேறுபாடு கூடுதலாக உணரப்படுவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டைச் சுற்றிலும் மேடும் பள்ளமுமாகச் சரிவுகள் அமைந்திருப்பதால், கைப்பேசிக் கோபுரத்தின் அலை ஒரு சரிவில் தெளிவாகக் கிடைத்து, அதன் மறுபுறத்தில் மலைமுகட்டின் நிழலில் மங்கிவிடக்கூடும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியை அறிமுகப்படுத்திய இந்த மலையில், காபிச் செடிகளுக்கு நிழல் தருவதற்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் போன்ற உயர்ந்த மரங்களும் அலைக்கு ஒரு திரையாகின்றன. சிக்னல் குறைவதற்குப் பனிமூட்டத்தைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் மூடுபனியின் நுண்துளிகள் கைப்பேசியும் வைஃபையும் பயன்படுத்தும் அலைவரிசைகளில் பொருட்படுத்தத்தக்க இழப்பை உண்டாக்குவதில்லை. மழையில் நனைந்த அடர்ந்த இலைத்தொகுதியே அலையை உறிஞ்சுகிறது.

நேரடி இணைப்புகளுள் பழையதும் உறுதியானதும் ஈதர்நெட் ஆகும். 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் அவருடைய சகாக்களும் உருவாக்கத் தொடங்கிய இம்முறையின் இன்றைய வடிவமே கடைகளில் லேன் கேபிள் என்று கேட்டு வாங்கப்படுவது. அதன் நீலநிற அல்லது சாம்பல்நிற உறைக்குள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட எட்டுச் செம்புக் கம்பிகள் இருக்கின்றன. ஒரு கம்பியில் புகும் மின்னிரைச்சல் அதன் இணைக்கம்பியிலும் ஏறக்குறைய அதே அளவு புகுவதால், பெறும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டும் அளந்து இரைச்சலை நீக்கிவிடுகிறது. முன்பு இரண்டு கணினிகளை நேராக இணைக்க, ஒன்றின் அனுப்பும் கம்பிகள் மற்றதன் பெறும் கம்பிகளோடு சேருமாறு மாற்றிக் கட்டிய குறுக்குக் கேபிள் என்ற தனி வகை வேண்டியிருந்தது. ஜிகாபிட் வேக அட்டைகள் பரவிய பின் இந்த மாற்றத்தைக் கணினியே செய்துகொள்வதால், இப்போது சாதாரணக் கேபிளே போதும். ஈதர்நெட் துளை இல்லாத மெல்லிய மடிக்கணினிகளுக்கு யுஎஸ்பியில் பொருத்தும் சிறு அடாப்டர் கிடைக்கிறது.

கேபிளின் இரு முனைகளையும் செருகியதும் அடுத்து எழுவது முகவரிச் சிக்கல். வழக்கமாக ரவுட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியை வழங்குகிறது. ரவுட்டர் இல்லாத நேரடி இணைப்பில், வழங்குவார் யாருமில்லை என்பதைச் சிறிது நேரம் காத்திருந்து உணர்ந்த கணினி, 169.254 என்று தொடங்கும் தொகுதியிலிருந்து ஓர் எண்ணைத் தானே தேர்ந்து, அதை வேறு எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை என்று கேட்டறிந்தபின் சூடிக்கொள்கிறது. இந்த எண்ணைக் கண்டதும் இணைப்பு பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிக் கேபிளைப் பிடுங்குபவர்கள் உண்டு. இணையத்தைப் பொறுத்தவரை அது பழுதின் அடையாளமே. இரண்டு மடிக்கணினிகளைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக நடக்கிறது என்பதன் அடையாளம்.

மூன்றாவது தேவையான நெறிமுறை என்பது யார் முதலில் பேசுவது, கோப்பின் பெயரை எப்படிக் கேட்பது, முடிந்ததை எப்படி அறிவிப்பது என்பவற்றின் உடன்பாடு. கணினிகளுக்கு இடையே கோப்புகளை அனுப்புவதற்கான எஃப்.டி.பி. என்ற நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்களுள் ஒருவரும் அப்போது அமெரிக்காவின் எம்ஐடியில் பயின்றுகொண்டிருந்தவருமான அபய் பூஷண். விண்டோஸ் கணினிகளில் ஒரு கோப்புறையைப் பிறருக்குத் திறந்துவிடும்போது இயங்குவதோ 1980-களில் ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்டில் வளர்ந்த எஸ்.எம்.பி. நெறிமுறை. லினக்ஸ் கணினிகள் இதே மொழியைப் பேச உதவும் சாம்பா என்ற கட்டற்ற மென்பொருளை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கினார். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்ததால், இருவகை இயங்குதளங்களுக்கும் இடையிலான இந்தப் பாலம் தமிழ்நாட்டுக்கு ஏட்டறிவு மட்டுமன்று.

எஸ்.எம்.பி.யின் பழைய முதற்பதிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் மீண்டும் இயக்கக் கூடாது. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை தீநிரல் பரவிய வாசல் அதுவே. பழைய கணினி இணைய மறுக்கும்போது அந்தப் பதிப்பை இயக்கிவிடுமாறு சொல்லப்படும் ஆலோசனை விரைவில் பலன் தரும், ஆனால் தவறான ஆலோசனை.

கம்பியில்லா முறையில் வசதி கூடுகிறது, வேகம் குறைகிறது. இரண்டு மடிக்கணினிகளும் ஒரே வைஃபை ரவுட்டரோடு இணைந்திருந்தால், ஒவ்வொரு தரவுப் பொதியும் முதல் கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறையும் அங்கிருந்து இரண்டாவது கணினிக்கு மறுமுறையும் ஒரே அலைவரிசையில் பறக்க வேண்டியிருப்பதால், கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. ஒரு கணினியையே ஹாட்ஸ்பாட்டாக மாற்றி, மற்றதை அதனுடன் நேராக இணைத்தால் இந்த இழப்பு நீங்கும். ஆப்பிளின் ஏர்டிராப், கூகுளின் குவிக் ஷேர் முதலியன இந்த ஏற்பாடுகளைப் பயனரின் கண்ணில் படாமல் செய்து முடிக்கின்றன. ஒருகாலத்தில் இந்தியாவில் பரவலாகப் பயன்பட்ட ஷேர்இட், ஜெண்டர் ஆகிய இரண்டும் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் இருந்தன.

பென்டிரைவ் எளியதுதான் என்றாலும் அதற்கும் இரண்டு பொறிகள் உண்டு. ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் வடிவமைக்கப்பட்ட பென்டிரைவில் எவ்வளவு இடம் மீதமிருந்தாலும் 4 ஜிகாபைட்டைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றினால் இத்தடை விலகும். நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டினாலும் தரவின் கடைசிப் பகுதி இன்னும் கணினியின் நினைவகத்திலேயே இருக்கக்கூடும் என்பதால், முறையாக வெளியேற்றாமல் உருவுவது இரண்டாவது பொறி. இருமுனையிலும் தட்டையான வழக்கமான முனைகொண்ட யுஎஸ்பி கேபிளால் இரண்டு மடிக்கணினிகளை நேரே இணைப்பது இவற்றினும் தீது. இரு பக்கமும் மின்சாரம் தர முயல்வதால் துளை பழுதாகலாம். நடுவில் சிப் பொருத்திய தனி வகைக் கேபிளே அதற்கு உரியது.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைப்போர் சந்திக்கும் ஒரு சிக்கலையும் இங்கே குறிப்பிட வேண்டும். யூனிகோடில் ‘தோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸோ தட்டச்சு செய்தபடியே வைத்துக்கொள்கிறது. ஆகவே ‘தோட்டக் கணக்கு’ என்ற ஒரே கோப்புறை இவ்விரண்டுக்கும் இடையே போய்வந்தபின், கண்ணுக்கு வேறுபாடே தெரியாத இரண்டு கோப்புறைகளாக நிற்கக்கூடும். எதை அழிப்பது என்று தெரியாமல் புதியதை அழித்துவிடும் அபாயம் இதில் இருக்கிறது. பல நூறு சிறு கோப்புகளை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திறந்து மூடும் நேரம் மிச்சமாகும் என்றாலும், பெயர்ச் சிக்கலை அது தீர்ப்பதில்லை.

இடிமின்னல் மிகுந்த மாதங்களில், பங்களாவிலிருந்து காபிக் கிடங்குக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஈதர்நெட்டின் எல்லை 100 மீட்டர் என்றாலும், அருகில் விழும் மின்னல் அந்தக் கம்பியில் தூண்டும் மின்னெழுச்சி இரு முனைக் கணினிகளையும் எரித்துவிடக் கூடியது. கட்டடங்களுக்கு இடையே கண்ணாடியிழைக் கேபிளோ வைஃபையோதான் ஏற்றது. வேலை முடிந்ததும் திறந்துவிட்ட கோப்புறையின் பகிர்வை நிறுத்திவிட வேண்டும். இரு கணினிகளிலும் கோப்பின் எஸ்.எச்.ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அவை ஒன்றாக இருப்பதை உறுதிசெய்யும் வரை, மூலக் கோப்பை யாரும் அழித்துவிட வேண்டாம்.