கண்ணில் பட்ட பிழை, லென்ஸில் சிக்கும் பிழை

1955இல் அமெரிக்காவில் ஒரு பாக்கெட் சிகரெட் 23 சென்ட். எந்திரத்தில் 25 சென்ட் நாணயம் ஒன்றைப் போட்டால் பாக்கெட் விழும். மீதி இரண்டு சென்ட் அதன் கண்ணாடித்தாளுக்குள்ளேயே செருகியிருக்கும். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும் மாசசூசெட்ஸிலும் அப்படிக் கைக்கு வந்த சில காசுகளில் ஆண்டும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும், மேல்விளிம்பு வாசகமும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. சில்லறையை எண்ணத் தெரிந்த யாருக்கும் அது புலப்பட்டிருக்கும்.

தவறு நடந்தது பிலடெல்பியா நாணயச்சாலையில். அன்றைய முறைப்படி, உருவம் புடைத்த தாய் அச்சை எஃகுக் கட்டையில் அழுத்தி, காசடிக்கும் அச்சைச் செய்தார்கள். ஒரே அழுத்தில் உருவம் முழுசாக இறங்காது. அழுத்திய எஃகும் இறுகிப்போகும். அதனால் உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடியும் அழுத்துவார்கள். மறுபடி வைக்கும்போது இம்மியளவு திரும்பிவிட்டால் அச்சிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். அது அடிக்கிற ஒவ்வொரு காசும் இரட்டைதான். 1955 அச்சு மையத்தைச் சுற்றித் திரும்பியிருந்தது. அதனால்தான் விளிம்பு எழுத்துகள் அகலமாக விலகின, நடுவில் இருந்த லிங்கன் முகம் ஏறக்குறையத் தப்பித்தது. பிழை தெரிவதற்குள் அந்தக் காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட, பிரிக்காமல் அப்படியே வெளியே விட்டார்கள். புழக்கத்துக்குப் போனவை 20,000 முதல் 24,000 வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. இன்று அவற்றில் தேய்ந்த காசுகூட ஆயிரம் டாலரைத் தாண்டும்.

1972, 1995 ஆண்டுச் சென்ட்களிலும் பளிச்சென்ற இரட்டைகள் வந்தன. 1990களின் பிற்பகுதியில் நாணயச்சாலை ஒரே அழுத்தில் அச்சை முடிக்கும் முறைக்கு மாறியது. மறுபடி வைக்கும் வேலையே போனபின் இரட்டையும் ஒழிந்திருக்க வேண்டும், ஒழியவில்லை. எஃகுக் கட்டையின் முகம் நடுவில் கூம்பியிருக்கும், தாய் அச்சு முதலில் தொடுவது அங்கேதான். கட்டை சற்றுச் சாய்ந்திருந்தால், அந்த முதல் தொடுகை ஓரிடத்தில் பதியும். அழுத்தம் ஏறிக் கட்டை நிமிர்ந்ததும் முழு உருவம் சற்றுத் தள்ளி இறங்கும். ஆகவே இன்றைய இரட்டைகள் பெரும்பாலும் காசின் நடுப்பகுதியில், மயிரிழை அளவில் வருகின்றன. 2009 சென்ட்டில் மரத்துண்டின்மேல் உட்கார்ந்து படிக்கும் இளம் லிங்கனுக்கு ஒரு விரல் கூடிவிட்டது. 2015 ஹோம்ஸ்டெட் கால் டாலரில் மரவீட்டின் மேல் விழுந்த இரட்டைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் ‘கூரையில் பனி’.

பிழை சுருங்கச் சுருங்க அதைப் பற்றிய அறிவு பெருத்தது. இரட்டை உருவான விதத்தை வைத்து இன்று எட்டு வகையாகப் பிரிக்கிறார்கள். 1990இல் முதற்பதிப்பு வந்த ‘செர்ரிபிக்கர்ஸ் கைடு’ போன்ற கையேடுகள் ஒவ்வொரு ரகத்துக்கும் எண் கொடுத்திருக்கின்றன. சேகரிப்பாளரின் மேசையில் 10 மடங்கு லென்ஸ், பக்கத்தில் கணினியோடு இணைத்த நுண்ணோக்கி.

லென்ஸுக்கடியில் முதலில் செய்வது கழிப்பதுதான். அச்சு தளர்ந்து, அடிக்கும் நொடியில் அசைந்தாலும் எழுத்து இரண்டாகத் தெரியும். அந்த இரண்டாவது கோடு படிக்கட்டுபோலத் தட்டையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். எழுத்தின் உடம்பைத் தின்று அதை ஒல்லியாக்கியிருக்கும். அதற்குச் சந்தையில் மதிப்பில்லை. அசல் இரட்டையில் எழுத்து பருத்திருக்கும், இரண்டு உருவமும் உருண்டு புடைத்திருக்கும், எழுத்தின் முனையில் சின்ன வெட்டு தெரியும். 1955 காசில் ‘கடைசி 5’ மட்டும் இரட்டையாகத் தெரிவதெல்லாம் தேய்ந்த அச்சின் வேலை. ‘ஏழையின் இரட்டை’ என்று கேலியாக அதற்குப் பெயர்.

பிறகு அச்சின் அடையாளம். 1955 அசலின் பின்பக்கத்தில், ‘சென்ட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தின் தண்டுக்கு இடப்பக்கம் மெல்லிய செங்குத்துக் கீறல் ஒன்று ஓடும். போலி செய்பவர்கள் முன்பக்கத்தை எவ்வளவு அழகாக இரட்டித்தாலும், இந்தக் கீறல் இருக்கிறதா என்று நிபுணர் காசைத் திருப்பித்தான் பார்ப்பார்.

அன்று பிழை தானாகக் கைக்கு வந்தது. கண்டவர் சிகரெட் வாங்கியவராக இருந்தால் போதும். இன்று அசைந்த அச்சின் காசை ‘இரட்டை’ என்று சொல்லி இணையத்தில் ஏராளமாக விற்கிறார்கள். படிக்கட்டையும் வெட்டையும் பிரித்தறியாதவர் அதற்குப் பணம் கொடுக்கிறார்; பிரித்தறிந்தவருக்கோ அந்த 2015 ‘கூரையில் பனி’ கால் டாலர் கடைச் சில்லறையில் 25 சென்ட்டுக்கே இன்னமும் கிடைக்கக்கூடும்.